சகலையின் சுவிட்ச்

அந்த ஆஸ்பத்திரியில் அவரைச் சொந்தப் பெயரால் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் கேபிள். டாக்டர்களுக்குக் கேபிள் சார், நர்சுகளுக்குக் கேபிள் அண்ணா, நிர்வாகி அம்மாவுக்கு வெறும் கேபிள். பழைய கட்டடத்தையும் புதிய கட்டடத்தையும் சேர்க்கும் நிலவறையில் அவர் கை படாத கம்பி ஒன்றுகூடக் கிடையாது. எது எந்தச் சுவருக்குள் புகுந்து எந்த அறையில் தலை நீட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது, சகலை வந்து சேரும்வரை.

சகலையைக் கொண்டுவந்து விட்டதே அவர்தான். பின்னால் நினைக்க நினைக்கப் பொறுக்காமல் போனது அதுதான். மனைவியின் தங்கை புருஷன் வேலை பார்த்த கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். மனைவி மூக்கைச் சிந்தினாள். மாமியார் போனில் பெருமூச்சு விட்டார். மச்சினி நேரிலேயே வந்து, அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இழுத்தாள். அவரும் மனம் இளகி நிர்வாகி அம்மாவிடம் போய்ச் சொன்னார். பையன் தங்கம், கம்ப்யூட்டரில் புலி என்று கொஞ்சம் தாராளமாகவே அளந்துவிட்டார். சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வந்த சுருக்கில் சகலை வேலையைக் காட்டிவிட்டான். பிரிவுக்கு ஒன்றாக இரைந்துகொண்டிருந்த சர்வர் பெட்டிகளை எல்லாம் ஒழித்துக்கட்டினான். அவற்றுக்குப் பதிலாகக் கட்டடத்துக்கு ஒன்றாகப் பெரிய கணினிகள் வந்தன. ஒவ்வொரு பெரிய கணினிக்குள்ளும் பல சர்வர்கள் தனித்தனியாக இருப்பதுபோல் ஓடின. வர்ச்சுவல் மெஷின் என்றான். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டிய சுவிட்சும் பெட்டி இல்லை, அதுவும் மென்பொருள். எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அந்தச் சுவிட்சுகளுக்கெல்லாம் உத்தரவு போட கன்ட்ரோலர் என்று இன்னொரு மென்பொருள். கேபிள் ஏணி போட்டு ஏறி, தூசியைத் தின்று, நாள்கணக்கில் இழுத்துக் கட்டுகிற மாற்றத்தைச் சகலை நாற்காலியில் சாய்ந்தபடி நாலு வரி தட்டி முடித்துவிடுவான்.

நிர்வாகி அம்மா அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். கூட்டம் என்றால் முதலில் அவனைத்தான் தேடினார். வீட்டிலும் அதே கதை. மாமியாரின் போன் மக்கர் செய்தால் சின்ன மாப்பிள்ளை வரட்டும் என்றுதான் உத்தரவு வரும். இதையெல்லாம்கூடக் கேபிள் மென்று முழுங்கிவிட்டார். ஒருநாள் மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மூக்கில் மாட்டுவதற்குள், "பரவால்லப்பா, நான் சித்தப்பாகிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு மாட்டிய கண்ணாடியோடு அவர் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதில் பற்றிய எரிச்சல் பிறகு அணையவே இல்லை.

சகலை கெட்டவனாக இருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். பாவி மனுஷன் பணிவாக இருந்தான். எதற்கெடுத்தாலும் அண்ணா, அண்ணா என்றான். அந்த அண்ணாவைக் கேட்டாலே கேபிளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் கேபிளுக்குப் பெரிய வேலை. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த நிஜமான சுவிட்ச், அதாவது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இரும்புப் பெட்டி, மிகவும் பழசாகிவிட்டது. சகலையின் மென்பொருள் எவ்வளவு வித்தை காட்டினாலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக இந்தப் பெட்டி வழியாகத்தான் போயாக வேண்டும். கேபிளுக்கு அதில் ஒரு தனித் திருப்தி. பழைய பெட்டியைக் கழற்றி, புதியதை மாட்டி, கம்பிகளை வரிசை குலையாமல் செருகி, பழையதில் இருந்த அமைப்புகளைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் ஏற்றினார். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலையில் போன் ஓயவில்லை. எலும்புப் பிரிவில் ஸ்கேன் படம் திறக்கவில்லை. நோயாளியின் பெயர், வயது, தேதி எல்லாம் வருகிறது, படம் வரவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதயப் பிரிவிலும் அப்படியே. குழந்தைகள் பிரிவில் மட்டும் ஒரு குறையும் இல்லை. படங்களை டிஸ்கில் ஏற்றி, உதவியாளர்கள் கட்டடத்துக்குக் கட்டடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எலும்பு டாக்டர், அறுவை சிகிச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், கணினி அறை வாசலில் வந்து நின்று கத்தினார். இடுப்பு உடைந்து கிடக்கிற ஒரு பேக்கரிக்காரரை மேஜையில் ஏற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறேன் என்றார்.

சகலை பதற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. எலும்புப் பிரிவின் வர்ச்சுவல் மெஷினிலிருந்து ஸ்கேன் படங்களைச் சேர்த்துவைத்திருக்கும் படக்கிடங்குக்கு ஒரு சின்னச் சோதனைப் பாக்கெட், அதாவது ஒரு துண்டுத் தகவல், அனுப்பினான். ஒழுங்காகப் போய்த் திரும்பி வந்தது. கன்ட்ரோலர் போட்டிருந்த உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் படித்தான். தப்பில்லை. கன்ட்ரோலரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். பலனில்லை. அப்புறம் ஒன்றைக் கண்டுபிடித்தான். படக்கிடங்கு பழைய கட்டடத்துப் பெரிய கணினியில் இருக்கிறது. குழந்தைகள் பிரிவின் மெஷினும் அதிலேயே. மற்றவை புதிய கட்டடத்தில். சோதனைக்காக இதயப் பிரிவின் மெஷினைப் பழைய கட்டடத்துக்கு மாற்றினான், உடனே அங்கே படங்கள் திறந்தன. எல்லாவற்றையும் அப்படி மாற்றலாம் என்றால் அங்கே இடம் இல்லை.

அவன் கேபிளின் பக்கம் திரும்பினான். "அண்ணா, கட்டடம் தாண்டும்போதுதான் ஏதோ ஆகுது. நேத்து மாத்தின சுவிட்ச்ல பழைய அமைப்பெல்லாம் அப்படியே இருக்குல்ல?"

கேபிள் கையில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார். அந்தக் காப்பி அன்றைக்கு அவருக்கு அமிர்தமாக இருந்தது. புலி முழிக்கிறது, ஊரே பார்க்கிறது. வாயோரத்தில் வந்த சிரிப்பை டம்ளருக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அப்படியேதான் இருக்கு. என் பக்கம் எல்லாம் பச்சை விளக்கு. நீ முதல்ல உன் சாமானைப் பாரு."

அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். சகலையும் நம்பினான். சரி அண்ணா என்று திரும்பி மறுபடி தன் திரைக்குள் தலையைவிட்டான். நிர்வாகி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் சரியாகவில்லை என்றால் பிரிவுக்கு ஒரு பெட்டி என்ற பழைய முறைக்கே போய்விடலாம், அதற்கு வேண்டியதைக் கேபிள் தயார் செய்யட்டும் என்றார். கேபிள் அடக்கமாகத் தலையாட்டினார். படியிறங்கும்போது ஒரு பாட்டு அவர் வாயில் தானாக வந்தது.

நிலவறையில் போய் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு யோசனை. நாளைக்கு யாராவது சுவிட்சைக் குறை சொன்னால், மூஞ்சியில் எறிய ஒரு ஆதாரம் வேண்டும். மடிக்கணினியைச் சொருகி, தன் பெட்டி வழியாக அந்தப் பக்கத்துக்குச் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பினார். சின்னது போனது. இன்னும் கொஞ்சம் பெரிது போனது. அளவை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. பிழை என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை, பாக்கெட் போன சுவடே இல்லை. மறுபடி அனுப்பினார். அதே இடத்தில் நின்றது.

கேபிளின் முகத்தில் ஈயாடவில்லை.

சகலையின் சுவிட்ச் ஒரு பாக்கெட்டை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பும்போது அதை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும். உறை போட்டால் அளவு கொஞ்சம் கூடும். அதனால் நடுவில் இருக்கிற பெட்டி வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்டுகளையும் அனுமதிக்க வேண்டும். சகலை வந்த புதிதில் இதைச் சொல்லிக் கேட்டுக்கொண்டான், கேபிளும் முணுமுணுத்துக்கொண்டே பழைய பெட்டியில் அந்த அளவை ஏற்றிவைத்தார். நேற்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மாற்றியவர் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். புதுப் பெட்டி கடையிலிருந்து வந்த அளவிலேயே நின்றது. பெயரும் வயதும் சின்னப் பாக்கெட்டுகள், நழுவிப் போய்விட்டன. ஸ்கேன் படம் பெரிய பெரிய பாக்கெட்டுகளாக வரும். அவற்றைப் பெட்டி சத்தமில்லாமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வரியில் சரிசெய்துவிடலாம். அவர் அந்த வரியைத் தட்டினார். ஆனால் விரல் அடுத்த விசைக்குப் போகவில்லை. மேலே போய்த் தப்பு என்னுடையது என்று சொல்வதா? அந்த அறையில், அத்தனை பேர் முன்னால், அவன் முன்னால்? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். சும்மா விட்டாலோ, மத்தியானம் சகலையின் சாம்ராஜ்யம் சரியும். ஒரு நிமிஷம் அதையும் நினைத்துப் பார்த்தார். பிறகு பேக்கரிக்காரரின் இடுப்பு நினைவுக்கு வந்தது. விசையை அழுத்தினார். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தானாகச் சரியாகிவிட்டது என்று இருக்கட்டும். மடிக்கணினியை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

மேலே ஒரே ஆரவாரம். சகலை அந்த நேரம் பார்த்துக் கன்ட்ரோலரை மறுபடி ஓடவிட்டிருந்தான், படங்கள் திறந்துவிட்டன. ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டினார்கள். தன் விரல் செய்த வேலைக்கு அவன் முதுகு தட்டு வாங்குகிறதே என்று கேபிளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க வழியில்லை. தானே தன் வாயைத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சகலை மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் நிர்வாகி அம்மாவின் அறையில் கூட்டம். எலும்பு டாக்டரும் வந்திருந்தார். பேக்கரிக்காரரின் சிகிச்சையை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டதாகச் சொன்னார். ஆக வேண்டியது ஆகிவிட்டது, பிரச்சினை தீர்ந்ததல்லவா என்று நிர்வாகி அம்மா பேச்சை முடிக்கப் பார்த்தார். அப்போது சகலை எழுந்தான்.

"மேடம், நான் எதையும் சரி செய்யல. காலையிலயும் இதே மாதிரிதான் கன்ட்ரோலரை ஓடவிட்டேன், அப்ப வரல. எதனால கெட்டுச்சுன்னே தெரியாது. தெரியாம சரியானது திரும்பவும் கெடும். காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் பழைய முறைக்கே போயிடலாம். இது என் பொறுப்பு, யாரையும் கேக்காதீங்க."

கேபிளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாள் முழுக்க அவர் ஆசைப்பட்டது தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. சகலை தானே தன் சுவிட்சைக் கழற்றிவைக்கிறேன் என்கிறான். உள்ளம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர ஆரம்பித்தும்விட்டது. அந்த நேரத்தில்தான் எலும்பு டாக்டர் தொண்டையைச் செருமினார். இந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், என் பொறுப்பு என்று ஒருத்தர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றார். காலையில் கத்தியதற்காக மன்னிப்பும் கேட்டார். நிர்வாகி அம்மா, யாருக்கும் தண்ணீர்கூட ஊற்றித்தராதவர், எழுந்து போய்ச் சகலைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இப்படி ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கேபிளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

அந்தத் தண்ணீரைச் சகலை தலைகுனிந்து குடித்ததைக் கேபிள் பார்த்தார். ஜெயித்தாலும் அவனுக்குப் பேர், தோற்றாலும் அவனுக்குப் பேரா? அதுவும் யாருடைய தப்புக்கு? செய்தது இவர், விட்டது இவர், நிலவறையில் வேர்த்து விறுவிறுத்துக் கண்டுபிடித்ததும் இவர். அதை ஒருத்தன் சும்மா எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தியாகி ஆவதா? அவருக்குக் கண் இருட்டியது.

"அது அவன் பொறுப்பு இல்ல" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டார். "அந்தத் தப்பு என்னோடது."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். புதுப் பெட்டியில் ஏற்றாமல் விட்ட அளவு, நிலவறைச் சோதனை, சத்தமில்லாமல் அழுத்திய விசை. ஏதோ தன் சொத்தை அடுத்தவன் வளைத்துப் போட்டதுபோல் ஆத்திரத்தோடு, ஒன்றுவிடாமல், உரிமை கொண்டாடிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஆனால் யாரும் அவருக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

நிர்வாகி அம்மா சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இனி நிலவறையில் கேபிள் ஒரு திருகாணியைத் தொடுவதாக இருந்தாலும் சகலை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கன்ட்ரோலரில் சகலை எதை மாற்றினாலும் கேபிள் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார். டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் சகலை அவரை நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது. அவன் கோபப்பட்டுக் கேபிள் பார்த்ததே இல்லை.

"நான் உங்ககிட்ட கேட்டேனே. நீங்க சொன்னதை நம்பித்தானே அந்தப் பக்கமே போகல. கண்டுபிடிச்சதும் ஒரு போன் பண்ணியிருந்தா என்ன?"

அவன் அண்ணா என்று சொல்லவில்லை. சகலை விடுவிடென்று நடந்து போய்விட்டான். விசித்திரம் என்னவென்றால், அவன் கோபம் கேபிளுக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. அவனும் மனுஷன்தான் என்று பட்டது.

அன்று சாயங்காலம் அவர் எலும்புப் பிரிவுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். பேக்கரிக்காரர் பருத்த மனிதர், கால் தூக்கிக் கட்டப்பட்டு மல்லாந்து கிடந்தார். நீங்கள்தான் கேபிளா என்று கேட்டார். ஆமாம் என்றதும், காலையிலிருந்து டிவி வரவில்லை, சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை என்று சடசடவென்று பொரிந்தார். கேபிள் சுவரோரமாகக் குனிந்து தளர்ந்திருந்த கம்பியை அழுத்திவிட்டார். படம் வந்தது. மன்னிப்பைக் கேட்கும் முன்பே பேக்கரிக்காரர் கையைக் காட்டி அவரை விலகி நிற்கச் சொன்னார், திரை மறைக்கிறதாம். மறுநாள் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

வீட்டில் செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மச்சினி அக்காவுக்குப் போன் செய்து பொருமியிருக்கிறாள். மனைவி தட்டை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

அந்த வாரம் முழுக்கச் சகலை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதானே. வெள்ளிக்கிழமை புதுப் பெட்டியில் இன்னொரு கம்பி செருக வேண்டியிருந்தது, இரண்டு பேரும் நிலவறையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. கேபிள் அமைப்புகளை வாய்விட்டுப் படித்தார், சகலை தன் திரையில் சரிபார்த்தான். பாதியில் அவன் தலை நிமிராமலே கேட்டான்.

"அன்னைக்கு மத்தியானம் சொன்னதை ஏன் காலையிலயே சொல்லல?"

கேபிளுக்குப் பொய்கள் நாலைந்து தயாராக இருந்தன. பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். ஆனால் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"பொறாமைப்பா" என்றார். "வேற ஒண்ணுமில்ல. பொறாமை."

சகலை நிமிர்ந்தான். வாய் பாதி திறந்திருந்தது. "யார் மேல? என் மேலயா?" நடிக்கவில்லை, நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. "என் மேல பொறாமைப்பட என்ன இருக்கு? எங்க வீட்ல தினமும் உங்க பேரைச் சொல்லித்தான் எனக்கு அர்ச்சனை நடக்குது."

"என் பேரைச் சொல்லியா?"

"ஆமா. அத்தான் வீட்டுக்கு வந்தா வீட்ல இருக்காரு, நீங்க வீட்டுக்கு வந்தும் அந்தத் திரையிலேயே கிடக்கறீங்கன்னு."

கேபிள் அதை வாங்கிக்கொண்டார். நெஞ்சுக்குள் எங்கோ சில்லென்று ஒரு காற்று அடித்தது. பெருந்தன்மையான காற்று என்று சொல்ல முடியாது. அவர் சுவிட்சின் விளக்குகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தபடி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"வேற என்ன சொல்லுவா?"

சகலை அவரை ஒரு பார்வை பார்த்தான். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. முதலில் அந்த வரியைப் படித்து முடியுங்கள் என்றான். கேபிள் படித்தார். சகலை சரிபார்த்துத் தலையாட்டினான். அடுத்ததைப் படித்தார், அதற்கும் தலையாட்டினான். கம்பியைச் செருகியதும் விளக்கு பச்சையாக எரிந்தது. இந்தத் தடவை கேபிள் விளக்கை நம்பவில்லை, பெரிய பாக்கெட்டுகளை அனுப்பி அவை போய்த் திரும்பும்வரை காத்திருந்தார். அவை திரும்பி வந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே, மச்சினி சொன்ன இன்னொன்றையும் சகலை சொல்ல ஆரம்பித்தான்.